உள்பக்கம் திறக்கிற கதவு

மணி பதினொன்று நாற்பது. அச்சங்குளத்திலிருந்து சிவகாசிக்கு வருகிற ரோடு.

பகலில் அந்த ரோட்டில் கம்பெனி வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இரவு பத்துக்கு மேல் ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை முள்மரங்கள். நடுநடுவே கம்பி வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள்... ஒன்றில்கூட விளக்கு இருக்காது. காற்றில் லேசாக மருந்து நெடி மட்டும் இருந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் மருந்து என்றால் வெடி மருந்து. காய்ச்சலுக்குக் கொடுப்பதை நாம் மாத்திரை என்றுதான் சொல்வோம்.

அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். ஓட்டியவள் பிரீத்தி, வயது இருபத்தொன்பது. பக்கத்தில் சுந்தரபாண்டி, தச்சு மேஸ்திரி. சாமான் பையை மடியில் வைத்திருந்தார். காரில் ஏறியதிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

நெருங்கி உட்காருங்கள். மண்டபத்துக்குக் கரண்ட் வருகிறபோது வரட்டும், முகூர்த்தம் காலை ஆறு மணிக்குத்தான். இது என் பெரியம்மா மகள் அழகுமீனாவோடு மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த இந்தப் பிரீத்திக்கு நடந்தது. அழகுமீனாவிடம் அவளே சொன்னது. போலீசிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நடுவில் “அதெப்படி” என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்த் தனியாகப் படுத்துக்கொள்ளலாம். எப்படி என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் நான் ஏன் இந்நேரம் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு இருக்கிறேன்?

பிரீத்தி படித்தது, பழைய கட்டடங்களைப் பழையபடியே எடுத்து நிறுத்துகிற படிப்பு. அப்பா காளிராஜுக்குக் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ். சிவகாசி பழைய பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மாடிக் கட்டடம் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், தெருவைப் பார்த்து வளைவு வளைவாக ஜன்னல்கள். ஒரு காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு, ஊரில் அதற்கு மருந்துக் கிட்டங்கி என்று பேர். இந்தப் பேரோடு பிரீத்தி சென்னைக்கு மனுப் போட்டாள், பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலில் ஏற்றுகிற குழுவுக்கு. அங்கே ஃபைலில் ‘பழைய மருத்துவமனை’ என்று எழுதிக்கொண்டார்கள். இந்தக் கதையில் சிரிக்க இந்த ஒரு இடம்தான் இருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

பஜாரில் அந்த மாதிரிக் கட்டடங்கள் பன்னிரண்டு இருந்தன. ஊர் மாநகராட்சி ஆகி, ரோடு அகலமாகி, மனை விலை ஏறி, பதினொன்று தரைமட்டமாகிவிட்டன. ஒவ்வொன்று விழும்போதும் பிரீத்தி போய் எதிரே நின்று பார்ப்பாள். ஒருமுறை இடிக்கிற வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். காளிராஜ் மகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பஜாரே பேசியது. மிச்சம் இருந்த ஒன்று அவர்களுடையது. காளிராஜ் அங்கே கடைகள் கட்ட ஆள் பார்த்துவிட்டார். மகளுக்காக ஒரு கெடு மட்டும் கொடுத்தார்.

“பட்டியல்ல ஏறுச்சுன்னா இருக்கட்டும். ஏறலேன்னா ஆவணியில இடிச்சிருவேன். அப்புறம் ரோட்டுல உக்காந்து அழக் கூடாது.”

ஒரு வருஷம் ராப்பகலாக வேலை பார்த்தாள். அவளுக்குக் கை மாதிரி இருந்தவர் சுந்தரபாண்டி.

மாடியில், கூடத்தின் கடைசியில் ஒரு சுவர். காரையைச் சுரண்டியபோது அதற்குள் ஒரு கதவு நிலை இருந்தது. நிலைக்குள் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அடைப்பை எடுத்ததும்... ஒரு நீள அறை. ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிக் கையகலத்தில் நாலு ஓட்டை. கதவு கீழே பரணில் கிடைத்தது. தேக்கு, வெளிப்பக்கம் முழுக்கத் தாமரைப் பூ வேலைப்பாடு. தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரு கொண்டிகூட இல்லை.

வீட்டில் இருந்த பழைய போட்டோ ஒன்றில் அதே கதவு உள்பக்கமாகத் திறந்து கிடந்தது. உள்ளே தரையில் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து தாள் சுருட்டுகிறார்கள். எல்லா முகமும் கலங்கலாக இருந்தது. அந்த அறையை எப்போது அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள்? “அந்தக் காலத்துல அடைச்சது” என்பார் காளிராஜ். அதற்கு மேல் பேச்சு நகராது.

சுந்தரபாண்டி கதவைப் படுக்கப்போட்டுத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

“தாயி, வெளிப்பக்கம் இழைப்புளியே படல. உள்பக்கத்த மட்டும் விரக்கட கனத்துக்கு இழைச்சு எடுத்துருக்காக. எதையோ அழிச்சிருக்காக.”

“கறையான் அரிச்சிருக்கும் அண்ணாச்சி.”

“தேக்கையா?” என்றார். குழுவுக்கு அனுப்பிய படங்களில் அந்தக் கதவுதான் முதல் படம். அதைப் பார்த்துத்தான் அவர்கள் நேரில் வரவே சம்மதித்திருந்தார்கள்.

மருந்து வேலை நடக்கிற அறைக்குக் கதவு வெளியே பார்த்துத்தான் திறக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு அது கையிலேயே ஊறிப்போன விஷயம். தீ பிடித்தால் உள்ளே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கதவில்தான் வந்து விழுவார்கள். வெளியே திறக்கிற கதவு அந்தக் கனத்திலேயே திறந்துவிடும். உள்ளே திறக்கிற கதவு... அந்தக் கனத்திலேயே சாத்திக்கொள்ளும்.

சுந்தரபாண்டி இருபத்தைந்து வருஷமாகப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கதவு மாட்டியவர். குழு வருவதற்கு முந்தின நாள், பிரீத்தி ஒரு வேலையாக விருதுநகர் போயிருந்த நேரம். அவர் பாட்டுக்குக் கீல் வெட்டை மாற்றி, கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்டிவிட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. காலை எட்டரைக்குக் குழு வருகிறது. போட்டோவில் ஒரு மாதிரி, நேரில் ஒரு மாதிரி என்றால் ஒரு கேள்வி போதும், கட்டடம் போய்விடும். நேரே அச்சங்குளத்துக்குக் காரை விட்டாள்.

அவர் மனைவி ராமுத்தாய் வாசலிலேயே சொன்னார், “இந்நேரத்துல வேண்டாம், விடிஞ்சு போங்க” என்று. பிரீத்தி அழுதாள். சுந்தரபாண்டி அந்த அழுகைக்குத்தான் சட்டையை மாட்டினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கார் ஊருக்குள் நுழைகிறபோதுதான் அவர் பேசினார்.

“உள்ள தெறக்குற கதவ நான் இதுவரைக்கும் மாட்டுனதில்ல தாயி.”

“அங்க யாரு அண்ணாச்சி வேலை பாக்கப் போறா? சும்மா காட்சிக்குத்தானே?”

“அதுவும் சரிதான்” என்றார். குரலில் சரி இல்லை.

கிட்டங்கி. மணி பன்னிரண்டேகால். வாட்ச்மேன் கருப்பணன் தெருவாசலில் இருந்தார். இவர்கள் மாடி ஏறினார்கள். கூடத்தில் ஒரு பெரிய விளக்கை ஏற்றி, கதவைக் கழற்றி, திருப்பி நிறுத்தினார்கள். சுத்தியல் சத்தம் காலிக் கூடத்தில் எதிரொலித்தது. ஒன்றரை மணிக்கு வேலை முடிகிற மாதிரி வந்துவிட்டது. மேல் கீலில் இரண்டு திருகாணி மட்டும் பாக்கி. கதவு உள்ளே திறக்கிறதால் கீல் தகடு உள்பக்கம். சாத்தியபடி இருந்தால்தான் மட்டம் பார்த்து முடுக்க முடியும். அவர் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனார்.

“சாத்துங்க தாயி. இடுக்கு சமமா இருக்கான்னு அங்கன நின்னு பாருங்க.”

அவள் வளையத்தைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள். இடுக்கு சமமாக இருந்தது. நூல் பிடித்த மாதிரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உள்ளே திருகாணி முடுக்குகிற சத்தம். கிரிக்... கிரிக்... நின்றது.

அப்புறம் வேறொரு சத்தம். சரசர... சரசர... காய்ந்த தாளைச் சுருட்டுகிற சத்தம். ஒரு ஆள் சுருட்டுகிற மாதிரி இல்லை.

“அண்ணாச்சி?”

சரசரப்பு பட்டென்று நின்றது. உடனே, தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்தால் எப்படி இருக்கும்... துணி உரசுகிற சத்தம், கண்ணாடி வளையல் சத்தம், முட்டி நெட்டி முறிகிற சத்தம்கூட. கதவிடுக்கில் கந்தக நெடி வந்தது. அதன் பின்னாலேயே முடி பொசுங்குகிற நாற்றம்.

“தாயி...” சுந்தரபாண்டியின் குரல் மெதுவாக வந்தது. “கூட யாரையும் கூட்டிட்டு வந்தீகளா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவில் ஒரு அறை விழுந்தது. உள்ளங்கை. இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. கதவு முழுக்க, மேலும் கீழும், ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி. நடுவில் சுந்தரபாண்டியின் குரல். அவர் அவளிடம் பேசவில்லை.

“தள்ளாதீக... ஏத்தா, தள்ளாதீக. கதவு உள்ள வரணும்ல? பின்னால போங்க. பிள்ளைகள முன்னால விடாதீக... அய்யோ, பின்னால போங்கத்தா!”

பிரீத்தி கதவைத் தள்ளினாள். இதை அவள் பக்கம் நின்று சொல்ல வேண்டும்... முதலில் தள்ளத்தான் செய்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது.

அந்த இடுக்கில் விரல்கள் வந்து கதவு விளிம்பைப் பிடித்தன. அவள் முகத்துக்கு நேராக ஒரு வரிசை. இடுப்புக்கு நேராக ஒரு வரிசை. அதற்கும் கீழே, முட்டிக்கு நேராக, சின்னச் சின்ன விரல்கள்... நகக்கண்ணெல்லாம் கந்தக மஞ்சள்.

அவள் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். விரல் நசுங்குகிற மாதிரி எந்தத் தடங்கலும் இல்லை. கதவு நிலையோடு போய்ப் பொருந்தியது. பொருந்தியதும்... அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“நான் போடல அழகு, கை போட்டுருச்சு” என்றாளாம் அழகுமீனாவிடம். கை யாருடைய கை? நான் அழகுமீனாவிடம் அப்படித்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டு உள்ளே எல்லாம் ஒரு நிமிஷம் அடங்கியது.

“தாயி...” என்றார் அவர். கதவில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில். “தாப்பாளப் போட்டுட்டீகளா?”

அவள் கூடத்தின் மறுகோடியில், படிக்கட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“தொறங்க தாயி. நான் மட்டும்தான் வருவேன். இவுகள விட மாட்டேன்... தொறங்க.”

அப்புறம் மறுபடி அறைகள். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம், இரண்டு விலாவையும் பிடித்து நெரித்தால் வருகிற மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை. கூடத்து விளக்கைச் சுற்றிப் பறந்த ஈசல்களின் சத்தம் மட்டும் கேட்டது.

எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கருப்பணன் கீழேயிருந்து “என்னம்மா, முடிஞ்சுதா?” என்று கேட்டபோது மணி இரண்டரை. அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தள்ளினாள். கதவு நகரவில்லை. கருப்பணன் வந்து சேர்ந்து தள்ளினார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது... கதவோடு ஒட்டியபடி சுந்தரபாண்டி நின்ற வாக்கில் இருந்து சரிந்து விழுந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் செல்போன் தரையில் கூரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

காளிராஜ் ஆட்களோடு வந்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. வேலையில் நெஞ்சு வலி வந்து இறந்தார் என்று பேச்சாயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் மட்டும் காளிராஜைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: “விலா ஒம்பது முறிஞ்சிருக்கு. முதுகுல நெஞ்சுல எங்கயும் அடிபட்ட தடமே இல்ல. தேர்க்கூட்டத்துல மாட்டுனவனுக்குத்தான் இப்படி வரும். அங்க எத்தனை பேரு சார் இருந்தாங்க?”

எட்டரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். பிரீத்தி முகம் கழுவி, வேறு புடவை கட்டி வந்து நின்றாள். தலைவர் போட்டோவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால் கதவைத் தள்ளினார். சத்தமே இல்லாமல் உள்ளே திறந்தது. “அற்புதம்மா” என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். கட்டடம் பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் அச்சங்குளத்தில் ராமுத்தாய் அழவில்லை. பிரீத்தியைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“வெளிய தெறக்குற மாதிரிதான் மாட்டிட்டு வந்தேன்னு சொல்லிட்டுத்தான் சோத்துல கை வச்சாரு. அப்புறம் யாரு மாத்தச் சொன்னா?”

பிரீத்திக்கு அங்கே தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் அவள் சென்னைக்கு எழுதினாள். அந்த ஒரு கதவை மட்டும் வெளியே திறக்கிற மாதிரி மாற்ற அனுமதி வேண்டும் என்று. பதில் நாலே வரியில் வந்தது. பட்டியலில் ஏறிய கட்டடத்தின் மூல அமைப்பில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, செய்தால் தண்டனைக்குரிய குற்றம். நேரில் போனாள். அழுதாள். “நீங்கதானேம்மா ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கணும்னு எழுதிக்கிட்டே இருந்தீங்க?” என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

கதவை மாற்ற முடியாது. திறந்து போட்டு வைக்கலாமே? கருப்பணனிடம் சொன்னாள், ராத்திரியில் அந்தக் கதவைச் சாத்தவே கூடாது என்று. அவரும் கனமான ஆட்டுக்கல் ஒன்றைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்து வைத்தார். அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்று ராத்திரி கழிந்த காலையில் கருப்பணன் பிரீத்தி வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“சாத்தக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான். அப்புறம் நீங்களே ரெண்டு மணிக்கு வந்து கல்ல நகட்டி, சாத்தி, தாப்பாளப் போட்டுட்டுப் போறீக. முதலாளி வீட்டுப் பிள்ள, நான் கேக்கக் கூடாது. ஆனா கூப்புட்டா திரும்பியாச்சும் பாக்கலாம்ல?”

மூன்று ராத்திரியும் பிரீத்தி வீட்டைவிட்டு இறங்கவில்லை. தூக்க மாத்திரை போட்டுத் தூங்கியவள்.

அன்றைக்கு ராத்திரி அவள் அம்மா கற்பகவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாளைப் போட்டதையும் சொன்னாள். கேட்டதும் கற்பகவல்லி எழுந்தார். வாசலை உள்ளே பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மகளைப் பக்கத்தில் படுக்கவைத்து, அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விடிகிறவரை பொட்டுக் கண் மூடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார். கையை விடவும் இல்லை.

காலை ஆறு மணிக்கு போன் வந்தது. கருப்பணன்.

“நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன் தாயி. நீங்க ஒருத்தரு வந்தப்பயாவது பரவால்ல... நேத்து ஏன் அம்மாவையும் கூட்டிட்டு வந்தீக? அவுக உங்க கையப் பிடிச்சுத் தாப்பாள் மேல வச்சு அழுத்திக்கிட்டே, நான் நின்ன பக்கம் திரும்பிப் பாத்தாக.”